வீடு தேடி அலுத்துவிட்டோம்: பட்டியலில் எதை விடலாம், எதை விடக் கூடாது? (குரோம்பேட்டை – தாம்பரம் சுற்றுவட்டாரம்)

குரோம்பேட்டைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் வீடு தேடத் தொடங்கினோம், ஆடியும் வந்துவிட்டது. பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது, ஏதோ ஒன்று இடிக்கிறது. திரும்பி வரும் வழியிலேயே எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது.

எங்கள் விவரம்: எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. மனைவி குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. மகன் இரண்டாம் வகுப்பு, அதே பள்ளிதான். அம்மா எங்களுடன் இருக்கிறார், 71 வயது, முழங்கால் வலி. இப்போது குரோம்பேட்டையில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். பட்ஜெட் 75 லட்சம். அடுக்குமாடி வீடுதான்.

வேண்டியவை: மூன்று படுக்கையறை, கிழக்கு அல்லது வடக்கு வாசல், லிஃப்ட், கூரையுள்ள கார் நிறுத்துமிடம், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், நல்ல தண்ணீர், மழைக்கு மூழ்காத தெரு, புதுக் கட்டடம், பால்கனி, பூஜை அறை, பக்கத்தில் கோயில், மருத்துவமனை, பூங்கா, இரைச்சல் இல்லாத இடம், பிற்காலத்தில் விலை ஏறக்கூடிய பகுதி.

இதில் எதைக் கழிப்பது? யோசித்தால் எல்லாமே தேவையாகத்தான் தெரிகிறது. தரகர்களிடம் இந்தப் பட்டியலைச் சொன்னால் ஒரு நிமிடம் அமைதியாக இருக்கிறார்கள், பிறகு வண்டலூர் தாண்டி எதையோ காட்டுகிறார்கள்.

வாடகையே சுகம்

வாடகை 18,000. கடன் வாங்கினால் மாதம் 50,000 போகும். மிச்சப் பணத்தை வேறு எதிலாவது போட்டு நிம்மதியாக இருங்கள். பட்டியலே தேவைப்படாது.

குரோம்பேட்டைக்காரன்

வீட்டு உரிமையாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறார். அடுத்த சித்திரைக்குள் காலி செய்ய வேண்டும். இந்த ஊரில் இது எங்களுக்கு மூன்றாவது வாடகை வீடு. அம்மாவை இன்னொரு முறை இடம் மாற்ற மனம் வரவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம்.

கணக்குப்பிள்ளை

பட்டியலுக்குப் பிறகு வருவோம். 75 லட்சம் என்பது வீட்டின் விலையா, எல்லாச் செலவும் சேர்த்தா? கையில் எவ்வளவு இருக்கிறது?

குரோம்பேட்டைக்காரன்

கையில் 18 லட்சம். வங்கியில் 60 லட்சம் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 15 லட்சம் நாங்கள் போட்டால் 75. மூன்று லட்சம் பத்திரச் செலவுக்கு. அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை

மூன்று லட்சம் போதாது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. ஆக, கையிலிருந்து போட வேண்டியது 20 விழுக்காடும் பதிவுச் செலவு முழுவதும்.

மறுவிற்பனை வீடு என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 விழுக்காடு. 75 லட்சம் வீட்டுக்கு உங்கள் பங்கு 15 லட்சம், பதிவு 6.75 லட்சம், தரகு ஒரு விழுக்காடு என்றால் 75,000. மொத்தம் 22.5 லட்சம். உங்களிடம் இருப்பது 18.

60 லட்சம் வீட்டுக்கு: 12, 5.4, 0.6. சரியாக 18 லட்சம். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கக் காசு இருக்காது.

55 லட்சம் வீட்டுக்கு: 11, 4.95, 0.55. மொத்தம் 16.5. வண்ணம் அடிக்க, குழாய் மாற்ற, வழக்கறிஞர் கட்டணம், வீடு மாற்றும் செலவு எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம் மிஞ்சும். 44 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 விழுக்காடு என்றால் மாதத் தவணை சுமார் 38,200. அதே கணக்கில் 60 லட்சம் கடனுக்கு 52,000-க்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 14,000 ரூபாயை மாதாமாதம் எங்கிருந்து எடுப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கட்டுமானத்தில் இருக்கும் புது வீட்டுக்குக் கணக்கு வேறு. முதல் விற்பனை என்பதால் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவு 2, ஆக 7 விழுக்காடு. ஆனால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு சேரும் (45 லட்சத்துக்குள், உள்பரப்பு 60 சதுர மீட்டருக்குள் என்றால் 1 விழுக்காடு). பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. கட்டி முடியும்வரை வாடகையும் போகும், கடனுக்கு வட்டியும் போகும். நீங்கள் சித்திரைக்குள் காலி செய்ய வேண்டியவர்.

ஆக உங்கள் உண்மையான பட்ஜெட் 55. இந்த எண்ணை வைத்துக்கொண்டு மேலே உள்ள பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாதி தானாகவே உதிரும்.

குரோம்பேட்டைக்காரன்

உதிர்ந்தது பட்டியல் மட்டுமில்லை சார், நாங்களும்தான். நேற்று இரவு மனைவியிடம் காட்டினேன். 75 என்று நினைத்துக்கொண்டு பார்த்த வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது புரிகிறது.

வீட்டுத்தரகு

தரகர்களைப் பற்றி மேலே ஒரு வரி பார்த்தேன். நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தாம்பரம் கிழக்கு. வண்டலூர் தாண்டிக் காட்டுகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்ட பதினைந்து விஷயத்தையும் உங்கள் விலையில் வைத்துப் பார்த்தால் வரைபடத்தில் அங்கேதான் போய் நிற்கும்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் என்ன வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. எது இருந்தால் அல்லது எது இல்லாவிட்டால் வாசலிலேயே திரும்பிவிடுவீர்கள் என்று சொல்லுங்கள். அப்படி மூன்றோ நான்கோ விஷயத்தைத் தெளிவாகச் சொல்பவருக்குத்தான் நல்ல வீடு வந்ததும் முதலில் போன் போகும், ஏனென்றால் அவர் பார்த்தால் முடிவு சொல்வார்.

கருப்புக் கோட்டு

போன் போட்டுவிட்டு, ‘இன்னொருவர் நாளைக்கு டோக்கன் கொடுக்க வருகிறார்’ என்றும் சொல்வீர்களே.

வீட்டுத்தரகு

சில நேரம் உண்மையாகவே வருவார் ஐயா.

செம்பாக்கம் ஏரிக்கரை

வாசலிலேயே திரும்ப வேண்டிய விஷயத்தில் முதலாவது தண்ணீர். வருவது, வராதது இரண்டும். நான் இந்தப் பக்கம் நீண்ட காலமாக இருப்பவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் கிழக்கே நீங்கள் பார்க்கப்போகும் இடங்கள் எல்லாம் ஏரிகளுக்கு நடுவே இருக்கின்றன. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று எல்லா ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. செம்பாக்கத்தில் நிரம்பி வழிவது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். போகும் வழியில் எங்கெல்லாம் கால்வாய் சுருங்கிவிட்டதோ அங்கெல்லாம் தெருவில் ஓடும். ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெருவில் கோலம்கூட அழியாது. அதனால் ‘செம்பாக்கம் நல்லதா, சேலையூர் நல்லதா’ என்று கேட்காதீர்கள். தெருவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பார்த்தால் அது அடையாற்றின் கதை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அங்கே படகில்தான் மக்களை வெளியே கொண்டுவந்தார்கள். விலை குறைவாக இருந்தால் ஏன் குறைவு என்று கேளுங்கள்.

வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கேட்டுப் பயனில்லை. அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், எதிர் வீட்டுப் பாட்டி, இவர்களிடம் மூன்று காலத்தைப் பற்றிக் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது? 2019 கோடையில் குடிக்க, குளிக்க என்ன செய்தீர்கள்? முதல் இரண்டுக்கும் பதிலைச் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். மூன்றாவதற்கு, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு அழுதோம் என்ற கதை வரும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் ஏப்ரல், மே மாதப் பராமரிப்புக் கணக்கை வாங்கிப் பாருங்கள். லாரி எத்தனை நடை வந்தது என்று அதிலேயே தெரியும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, கழிவுநீர் லாரியா என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

முடிந்தால் முன்பணம் கொடுப்பதை ஐப்பசி, கார்த்திகை வரை தள்ளுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் போய் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

குரோம்பேட்டைக்காரன்

மிக்க நன்றி அக்கா. சித்திரை வரை நேரம் இருக்கிறது, கார்த்திகை வரை தாராளமாகப் பார்க்கலாம். இதுவரை நாங்கள் வீடு பார்க்கப் போனதெல்லாம் பங்குனி, சித்திரை வெயிலில். எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடந்தது.

ஈசானியம்

நண்பரே, வாஸ்துவைக் கடைசியில் வைத்துவிடாதீர்கள். கிழக்கு வாசல், வடகிழக்கில் பாரம் இல்லாமல், தென்மேற்கில் பெரிய படுக்கையறை, தென்கிழக்கில் சமையலறை. இந்த நான்கும் அமைந்தால் மற்றவை தானே அமையும்.

கணக்குப்பிள்ளை

இந்த நான்கும் அமைந்து, 55 லட்சத்தில், லிஃப்டுடன், மூழ்காத தெருவில். வீட்டுத்தரகு சார், கையில் இருக்கிறதா?

வீட்டுத்தரகு

இருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

மாடித்தோட்டம்

குரோம்பேட்டைக்காரன் தம்பி, உங்கள் பட்டியலைப் படித்ததும் ஒன்று தோன்றியது. இதில் எது யார் கேட்டது? மொத்தமாக ‘எங்களுக்கு வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் அப்படி எல்லாரும் சேர்ந்து எதையும் கேட்பதில்லை. நீங்கள், மனைவி, அம்மா மூவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. அம்மாவுக்கு எழுதக் கஷ்டம் என்றால் பேரனை விட்டு எழுதச் சொல்லுங்கள், மகனிடம் சொல்லாததைப் பேரனிடம் சொல்வார். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ‘எதற்காக?’ என்று ஒரு வரி.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. லிஃப்ட் என்று எழுதிவிட்டால் போதாது. மின்சாரம் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? தெருவிலிருந்து லிஃப்ட் வாசல் வரை எத்தனை படி? பல கட்டடங்களில் கார் நிறுத்தும் தளத்திலிருந்து லிஃப்டுக்கே நான்கைந்து படி ஏற வேண்டும். குளியலறைக் கதவு இரண்டரை அடிதான் இருக்கும், பிற்காலத்தில் சக்கர நாற்காலி வந்தால் நுழையாது. என் மாமியாரைக் கடைசி ஆண்டுகளில் பார்த்துக்கொண்டவள் என்பதால் சொல்கிறேன், குளியலறைத் தரையும் கதவும்தான் முதியவர்களுக்கு வீடு. வரவேற்பறை மார்பிள் எல்லாம் வருகிறவர்களுக்கு.

தரை ஓடுகளை மாற்றலாம், சமையலறை அலமாரியை மாற்றலாம், கழிப்பறைக் கோப்பையை மாற்றலாம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பிறகு லிஃப்ட் வைக்க எல்லாருடைய சம்மதமும் பணமும் வேண்டும், நடக்காத காரியம். தெருவையும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்ததற்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மாற்ற முடிந்ததற்காக வாங்கவும் செய்யாதீர்கள். புது வண்ணமும் மாடுலர் கிச்சனும் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

கருப்புக் கோட்டு

ஒரு திருத்தம். பத்திரம், பட்டா எல்லாம் முன்னுரிமைப் பட்டியலில் இல்லை என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. நல்லது, இருக்கவும் கூடாது. இவை முன்னுரிமை அல்ல, தகுதி. தகுதி இல்லாத வீட்டுக்கு மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை.

தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை தொடர்ச்சி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது அதிகாரம் பெற்ற உள்ளாட்சி கொடுத்த திட்ட அனுமதி, அனுமதி வரைபடம். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. வரைபடத்தில் இரண்டு மாடி இருக்கும், தரையில் மூன்று மாடி நிற்கும். அந்த மூன்றாவது மாடிதான் ‘சகாய விலைக்கு’ வரும். ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம் இந்த வட்டாரத்தில் உண்டு, புல எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

புதுக் கட்டடம் என்றால் ரெரா (வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்டால் கொடுக்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது.

பழைய கட்டடமா, புதியதா என்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. புதியதில் லிஃப்ட், ஜெனரேட்டர் இருக்கும். பழையதில் நிலத்தின் பங்கு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்பு விகிதம் (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) முன்பு 1.5, 2019 விதிகளில் அது 2 ஆனது. ஒரே மனையில் கூடுதல் வீடு கட்டினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் அல்லவா. ‘விலை ஏற வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும், ஏறுவது அதன் அடியில் இருக்கும் நிலம்தான். யூடிஎஸ் (வீட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) எத்தனை சதுர அடி என்று முதல் போனிலேயே கேளுங்கள்.

அப்படியே உள்பரப்பையும் கேளுங்கள். 1,000 சதுர அடி என்று விளம்பரம் சொன்னால் சுவருக்குள் 750 இருந்தாலே நல்லது. மாடிப்படி, லிஃப்ட் குழி எல்லாம் சேர்த்த கணக்கு அது.

சிவப்பு மை

வணக்கம். நான் குரோம்பேட்டைக்காரனின் மனைவி. அவர் காட்டியதிலிருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாடித்தோட்டம் அம்மா சொன்னபடி தனித்தனியாக எழுதினோம். முடிவைப் பார்த்து மூவரும் சிரித்துவிட்டோம்.

மூன்றாவது படுக்கையறை கேட்டது நான். எதற்காக என்ற இடத்தில் நான் எழுதியது: விடைத்தாள் திருத்த ஒரு மேசை, மூடிக்கொள்ள ஒரு கதவு. தேர்வு முடிந்த வாரங்களில் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களை விரித்தால் மகன் வண்ணப் பென்சிலோடு வருவான், மறுபக்கம் தொலைக்காட்சி ஓடும். எனக்குத் தேவை கட்டில் போடும் அறை இல்லை. ஆறடிக்கு ஆறடி இடம் போதும்.

ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் என்று எழுதியது அவர். எதற்காக என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கேட்டால், ‘எல்லாரும் சொல்வார்கள்’ என்கிறார். இப்போதே பைக்கில்தான் நிலையத்துக்குப் போய் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார். குரோம்பேட்டையில் ஏறினால் கிண்டிக்குச் சுமார் இருபது நிமிடம். பைக்கில் பத்து நிமிடம் கூடினால் என்ன?

பள்ளிக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியது நான். மகனும் என்னோடுதான் வருகிறான். மாலையில் அத்தை தனியாக இருப்பார் என்பதால் இதை நான் விட மாட்டேன்.

அத்தை என் மகனிடம் எழுதச் சொன்னது மூன்றே மூன்று: படி ஏறக் கூடாது, காலையில் வெயில் வரும் இடத்தில் உட்கார ஒரு நாற்காலி, பேச ஆள். பூஜை அறையே இல்லை! ‘அலமாரியில் ஒரு தட்டு போதும், சாமிக்கு நாம் எங்கே இருந்தாலும் தெரியும்’ என்றாராம். வாஸ்து? அது அவருடைய தம்பி, அதாவது என் கணவரின் மாமா போனில் சொன்னது. தெற்கு வாசல் மட்டும் வேண்டாம், மற்றதைப் பார்க்க வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

மாடித்தோட்டம்

சந்தோஷம் கண்ணம்மா. அத்தை கேட்ட ‘பேச ஆள்’ என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்கக் கதவு சாத்திய குடியிருப்புகள் இருக்கின்றன. பதினொரு மணிக்கு ஒரு வேலைநாளில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கீழே யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லாக் குடியிருப்பும் கலகலவென்றுதான் இருக்கும்.

ஈசானியம்

தெற்கு வாசல் வேண்டாம் என்று அம்மாவே சொல்லியிருப்பதில் மகிழ்ச்சி. அடுக்குமாடியில் கட்டடத்தின் வாசலைப் பார்க்கக் கூடாது, உங்கள் வீட்டுக் கதவைத்தான் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வாடகையே சுகம்

அதற்கும் ஒரு திசைகாட்டி வேண்டும். வாடகைக்கே இருந்திருக்கலாம்.

செம்பாக்கம் ஏரிக்கரை

ஆறடிக்கு ஆறடி இடத்துக்கு ஒரு யோசனை. இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய இரண்டு படுக்கையறை வீடுகளில் ஹால் நீளமாக இருக்கும், ஓரத்தில் சாப்பாட்டு இடம் தனியாக இருக்கும். ஒரு தச்சரை வைத்துத் தடுப்பும் கதவும் போட்டால் முடிந்தது. மூன்று படுக்கையறை என்று விற்கும் சில புது வீடுகளில் மூன்றாவது அறையைப் பார்த்தால் கட்டில் போட்டதும் கதவு திறக்காது. அதைவிட இது மேல்.

கருப்புக் கோட்டு

தடுப்பை ஹாலுக்குள் போடுங்கள். பால்கனியை அடைக்க நினைத்தால் சங்கத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்

ரயில் நிலையத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் கார் நிறுத்துமிடத்தை விட மாட்டேன். கூரையுள்ள இடம் வேண்டும். மனைவி இதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, எனக்கு வருத்தம்தான்.

சிவப்பு மை

கார் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் தூசி துடைக்கப்படும்.

கணக்குப்பிள்ளை

இந்த மாதிரி முட்டலுக்கு ஒரு வழி: விலை போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு வீடு, ஒன்றில் கூரையுள்ள இடம், மற்றதில் திறந்த இடம். எவ்வளவு வித்தியாசம் வரை கொடுப்பீர்கள்? ஒரு லட்சம்? மூன்று லட்சம்? எந்த எண்ணில் ‘சரி, வெயிலில் நிற்கட்டும்’ என்று தோன்றுகிறதோ அதுதான் உங்களுக்கு அதன் மதிப்பு. இதே கேள்வியைப் பால்கனி, பூங்கா எல்லாவற்றுக்கும் கேளுங்கள். லிஃப்டுக்குக் கேட்டுப் பாருங்கள், எண்ணே வராது. எண் வராதவை தனி.

ஒன்று கூடுதலாக. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு விழுக்காட்டை வரியாகப் பிடித்து நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். கூடுதல் செலவு இல்லை, ஆனால் மறந்தால் அபராதம் உங்களுக்கு.

குரோம்பேட்டைக்காரன்

எண் போட்டேன். கூரையுள்ள நிறுத்துமிடம்: ஒன்றரை லட்சம் வரை. பால்கனி: அம்மாவின் காலை வெயிலுக்காக, மூன்று லட்சம் வரை. பூங்கா: ஒன்றும் இல்லை, மகன் பள்ளியிலேயே ஓடி விளையாடிவிட்டுத்தான் வருகிறான். புதுக் கட்டடம்: யோசித்துப் பார்த்தால் ‘பழைய வீட்டை வாங்கிவிட்டான்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்களோ என்பதுதான். அதற்கு நான் பணம் கொடுப்பதாக இல்லை. விமானச் சத்தம் தாங்க முடியாது என்று நினைத்திருந்தேன், பம்மல் பக்கம் நண்பர் வீட்டில் ஒரு மாலை இருந்து பார்த்தோம். அம்மாவுக்குக் காது மந்தம், அவருக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அதையும் எண் போடக்கூடிய பக்கத்தில் வைத்துவிட்டேன்.

எண் போட முடியாதவை நான்கு. ஒன்று, வேலை செய்யும் லிஃப்ட், அதற்கு ஜெனரேட்டர். இரண்டு, 2015-லும் 2023-லும் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வராத தெரு. மூன்று, பள்ளிக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். நான்கு, தெற்கு வாசல் இல்லாதது. விலை 55, மிஞ்சினால் 57. பத்திரம் கருப்புக் கோட்டு ஐயா சொன்னபடி.

கருப்புக் கோட்டு

57 என்றால் கையில் மிஞ்சுவது 90,000. கணக்குப்பிள்ளை பார்க்காத நேரத்தில் எழுதிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுத்தரகு

சார், சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒன்று வந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, ஹால் நீளமானது, கிழக்கு வாசல், கூரையுள்ள நிறுத்துமிடம், 54 கேட்கிறார்கள், குறைப்பார்கள். பால்கனியில் காலை வெயில். அருமையான வீடு. இரண்டாவது மாடி.

குரோம்பேட்டைக்காரன்

லிஃப்ட்?

வீட்டுத்தரகு

லிஃப்ட் இல்லை. ஆனால் படிகள் ரொம்பத் தாழ்வாக இருக்கும், ஏறுவதே தெரியாது.

சிவப்பு மை

வேண்டாம் சார், நன்றி. அடுத்ததைச் சொல்லுங்கள்.